மூணு முடிச்சும் முப்பது நாள் நோட்டீசும்

ஏண்டா பேராண்டி, கம்பம் மெயின் ரோட்டுல பிளக்சு வச்சிருக்காய்ங்களே, பாத்தியா? “ஜெர்மனி தந்த மருமகளே வருக.” ஒரு பக்கம் உங்க மாமன் கூலிங் கிளாசு போட்டு செல்போன்ல பேசிக்கிட்டு நிக்கிறான். இன்னொரு பக்கம் ஒரு சிங்கம். நடுவுல நீ. கட்டிக்கப்போற பொண்ணு எங்கடான்னு தேடுனா, கீழ ஓரத்துல, பிளக்சுக்குக் காசு குடுத்தவய்ங்க பேரோட பேரா கெடக்கு. அதையும் தப்பா அடிச்சிருக்காய்ங்க. சிரிக்காத. ஒரு எழுத்துத் தப்புனா என்ன ஆகும்ங்கிறத நீ இனிமேத்தான் பாக்கப்போற.

உக்காரு. தாயி, நீயும் இப்பிடிப் பந்தலுக்குக் கீழ வந்து உக்காரு. பழத்தத் தொட்டுறாத, நேத்துத்தான் மருந்தடிச்சது. டேய், நான் சொல்றத அவளுக்கு அப்பிடியே சொல்லணும், கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. நான் அரை மணி நேரம் பேசுவேன், நீ “சீயான் ஆசீர்வாதம் பண்றாரு”ன்னு ஒத்த வரியில முடிச்சுப்புடுவ. உன்னத் தெரியாதா எனக்கு?

உத்தமபாளையத்து டீக்கடையில உனக்கு யோசனை சொன்னாய்ங்களாமே. தாலி ஏறுன அன்னைக்கே அவ இந்தியாக் குடிமகளாயிருவா, அவளக் கட்டுனதால நீ ஜெர்மனிக்காரனாயிருவேன்னு. நல்ல யோசனைதான். ஒரே ஒரு எடத்துலதான் ஒதைக்குது. அவ இந்தியாவாகி நீ ஜெர்மனியாயிட்டா, அப்பவும் புருசன் ஒரு நாடு, பொண்டாட்டி ஒரு நாடுதானடா? அலைச்சலும் செலவுந்தான் மிச்சம்.

பத்திரம் எழுதியே தலை நரைச்சவன் சொல்றேன், கேட்டுக்க. எந்த சர்க்காரும் தாலியப் பாத்து மயங்காது. கல்யாணம் பண்ணுனா வரிசையில நிக்க ஒரு எடம் கெடைக்கும், அம்புட்டுத்தான். அந்த வரிசைக்கு டோக்கன் வாங்குறதுக்கே முதல்ல கல்யாணத்த சட்டப்படி பதியணும்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில்ல தாலி கட்டு, வேணாங்கல. கெடா வெட்டி ஊருக்குச் சோறு போடு, நானே முன்னால நின்னு பரிமாறுறேன். ஆனா இந்து திருமணச் சட்டம் ரெண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான் பேசும். இவ ஞானஸ்நானம் வாங்குன பொண்ணு. உங்களுக்கு 1954-ம் வருசத்துச் சிறப்புத் திருமணச் சட்டந்தான் சரிப்படும். ரெண்டு பேர்ல ஒருத்தராவது இந்த மாவட்டத்துல முப்பது நாள் தங்கியிருக்கணும். அப்புறம் திருமண அலுவலர்கிட்ட நோட்டீசு குடுக்கணும். அத ஆபீசு போர்டுல ஒட்டுவாய்ங்க. ஒட்டுன பொறகு இன்னொரு முப்பது நாள். ஆட்சேபம் உள்ளவன் வந்து சொல்லலாம்.

உங்க அத்தை அன்னைக்கு முதல் பஸ்ஸுக்கே கெளம்பிருவா, “எம் மகளுக்குன்னு சொல்லி வச்ச பையன்”னு. நோட்டீசப் பாத்துட்டு அவ ஒப்பாரி வைக்கலாம், மண்ணத் தூத்தலாம், ஒண்ணும் நடக்காது. அந்தச் சட்டத்துல முறைப்பொண்ணுக்கு எடமே இல்ல. அவய்ங்க கேக்குறதெல்லாம், ஏற்கெனவே கட்டுன துணை உசுரோட இருக்கா, பையனுக்கு 21 ஆச்சா, பொண்ணுக்கு 18 ஆச்சா, கட்டக்கூடாத உறவா, புத்தி சுவாதீனமா இருக்கா, இம்புட்டுத்தான். கடைசிக் கேள்விக்கு மட்டும் உன் விசயத்துல நானே ஒரு ஆட்சேபம் குடுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நோட்டீசு குடுத்து மூணு மாசத்துக்குள்ள கல்யாணத்த முடிச்சிரணும். தவறுனா மறுபடி மொதல்ல இருந்து எழுதணும்.

இவ, தன்னோட ஊர்ப் பதிவு ஆபீசுல இருந்து கல்யாணத்துக்குத் தடையில்லைன்னு ஒரு சான்று கொண்டு வரணும். அங்கதான் உன் பேரு வந்து மாட்டும். பள்ளிக்கூடத்து டி.சி.யில உனக்கு இனிசியல் முன்னால. ஆதார்ல பின்னால. பாஸ்போர்ட்டுல உங்கப்பன் பேரு குடும்பப் பேரு கட்டத்துல ஏறி உக்காந்திருக்கு. ஜெர்மனியில ஆபீசுல உன்ன என்னன்னு கூப்பிடுறாய்ங்க? உங்கப்பன் பேரச் சொல்லித்தான? அவன் மாசம் முச்சூடும் இங்க திராட்சைக்குக் கவாத்து பண்ணிக்கிட்டு இருக்கான், அங்க அவன் பேருக்குச் சம்பளம் ஏறுது. நாளைக்கு இவளும் புருசன் குடும்பப் பேர வச்சுக்கிட்டான்னா மாமனார் பேருதான் இவளுக்கும் பேரு. உங்க அப்பத்தா இருக்காளே, மாமனார் பேரு முருகன்ங்கிறதுக்காகச் சாகுற வரைக்கும் பழனிக்குப் போறேன்னுதான் சொன்னா, சாமி பேரு வாயில வரல. இவ தன் மாமனார் பேரையே வீட்டு வாசல் போர்டுல மாட்டிக்கிட்டு இருக்கப்போறா. மாட்டட்டும், நல்லாத்தான் இருக்கும்.

நம்ம ஊரு சர்ட்டிபிகேட்ட ஜெர்மனி அப்பிடியே கண்ண மூடிக்கிட்டு நம்பிறாது, அதையும் தெரிஞ்சுக்க. அவய்ங்க தூதரகத்து வழியா ஆள விட்டு நேர்லயே விசாரிக்கச் சொல்லுவாய்ங்க. மாசக்கணக்காகும். அப்பிடி ஒருத்தர் நம்ம தெருவுக்கு வந்து உன்னப் பத்திக் கேட்டாருன்னு வையி, மோரு குடுத்து உக்கார வச்சு, நீ ஆறாம் வகுப்புல மாங்கா திருடுனதுல இருந்து ஆரம்பிப்பாய்ங்க. தெருவுல எல்லார்கிட்டயும் இப்பருந்தே கொஞ்சம் சிரிச்சுப் பேசு.

சரி, கல்யாணம் பதிஞ்சாச்சு. இவ இங்க தங்கணுமே. சுத்திப்பாக்க வந்த விசாவுல அப்பிடியே தங்கிருவோம், இந்தச் சுருளி மலையடிவாரத்துல எவன் வந்து கேப்பான்னு உங்க மாமன் சொல்றான். ஆமா, கேக்க மாட்டாய்ங்க. இவ விமானம் ஏறப் போற அன்னைக்குத்தான் கேப்பாய்ங்க, அபராதத்தோட. இந்தியக் குடிமகனோட பொண்டாட்டிங்கிற முறைக்கு எக்ஸ் விசான்னு தனியா ஒண்ணு இருக்கு, அத வாங்கணும். நூத்தி எம்பது நாளுக்கு மேல உள்ள விசான்னா, வந்த பதினாலு நாளைக்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துல பதியணும். இப்ப அதெல்லாம் கம்ப்யூட்டர்லயே பண்ணிறலாம், மெட்ராசுக்கு ஓட வேண்டியதில்ல.

இதுல எனக்கு ஒரு பதவி உயர்வும் உண்டு. வெளிநாட்டு ஆள வீட்டுல தங்க வச்சா, வச்சவன் 24 மணி நேரத்துக்குள்ள ஒரு படிவம் போடணும். லாட்ஜுக்காரன் போடுற அதே படிவம். பேத்தி மொறைக்காரி வீட்டுக்கு வந்துட்டான்னு மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்துல உக்காந்து நான் லாட்ஜு மேனேசர் மாதிரி எழுதிக்கிட்டு இருக்கணும். காலைச் சாப்பாடு உண்டா, வெந்நி உண்டான்னும் கேட்டாக்கூட ஆச்சரியப்பட மாட்டேன்.

ரெண்டு வருசம் தாட்டிட்டீங்கன்னா தெம்புதான். ஓசிஐ கார்டுக்கு எழுதிப் போடலாம். பேரக் கேட்டதும் ஓசியில குடுக்குறாய்ங்க போலன்னு நெனச்சேன், பதினஞ்சாயிரம் ரூவாயாம். 2015-ல திருத்துன சட்டப்படி, இந்தியனக் கட்டிக்கிட்ட வெளிநாட்டு ஆளு, கல்யாணத்தப் பதிஞ்சு, விட்டுப் பிரியாம ரெண்டு வருசம் இருந்திருந்தா கேக்கலாம். பூர்வீகம் பாகிஸ்தான், பங்களாதேசுன்னா கெடையாது. கெடைச்சிருச்சுன்னா ஆயுசுக்கும் விசா வேணாம், போலீசுப் பதிவு வேணாம், வேலைக்குப் போகலாம். ஓட்டுப் போட முடியாது, தேர்தல்ல நிக்க முடியாது. நிக்காட்டி என்ன, நம்ம வார்டுல நிக்கிறவய்ங்களப் பாத்தா அது நல்லதுக்குத்தான்னு தோணுது.

அதுல ஒரு முள்ளு இருக்கு. தாயி, இத நல்லாக் கேட்டுக்க. டேய், முழுங்காமச் சொல்லு. அந்தக் கார்டு புருசன வச்சு வந்தது. கோர்ட்டுல தீத்துக்கிட்டா கார்டையும் ரத்து பண்ணலாம்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. அதனால நீ இவளோட சண்டை போடுறப்ப கார்ட வச்சு மெரட்டுனன்னு என் காதுல விழுந்துச்சோ, நான் உயிலை மாத்தி எழுதிருவேன். பத்திர எழுத்தன் மெரட்டல் எப்பிடி இருக்கும்னு உங்கப்பனக் கேளு.

உயிலுன்னதும் காது நிமிருதே! இருக்கு, வர்றேன். ஓசிஐ கார்டு உள்ளவங்க வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நெலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க முடியாது. தானமாக் குடுத்தாலும் செல்லாது. இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல விவசாய நெலத்தத் தவிர வேற என்னடா இருக்கு? இந்தப் பக்கம் நெல்லு, அந்தப் பக்கம் தென்னை, நடுவுல திராட்சை, மேல ஏறுனா ஏலக்காய். முல்லைப் பெரியாறு அணையக் கட்டி 1895-ல நம்மளுக்குத் தண்ணி விட்டாரே பென்னிகுக், லோயர்கேம்ப்புல மணிமண்டபம் கட்டி, சனவரி 15-க்கு அவருக்குப் பொங்க வைக்கிறோம். அந்த மனுசன் இன்னைக்கு எந்திரிச்சு வந்து, எந் தண்ணியில வெளையுற நெலத்துல அரைக் காணி எனக்கு எழுதுங்கடான்னு கேட்டா, சப்-ரிஜிஸ்ட்ரார் கையெடுத்துக் கும்பிட்டுட்டு முடியாதும்பாரு.

ஆனா வாரிசா வந்தா வரலாம். வாங்கத்தான் கூடாது, சாகுறவன் விட்டுட்டுப் போனா வச்சுக்கலாம். அதனால இந்தத் தோட்டத்து மேல இவளுக்கு ஆசை இருந்தா, நான் சாகுற வரைக்கும் என்னய நல்லாப் பாத்துக்கச் சொல்லு. இத மட்டும் கொஞ்சம் கூட்டியே சொல்லலாம், தப்பில்ல.

கார்டெல்லாம் வேணாம், நான் இந்தியாக் குடிமகளாவே ஆயிர்றேன்னு இவ சொன்னா, அதுக்கும் வழி இருக்கு. 1955-ம் வருசத்துக் குடியுரிமைச் சட்டம், அஞ்சாவது பிரிவு. இந்தியனக் கட்டிக்கிட்டு ஏழு வருசம் இங்க குடியிருந்திருக்கணும். அந்த ஏழுக்கும் ஒரு கணக்கு வச்சிருக்காய்ங்க. மனு போடுறதுக்கு முன்ன பன்னெண்டு மாசம் முழுசா இங்கயே இருக்கணும். அதுக்கு முந்துன எட்டு வருசத்துல ஆறு வருசமாவது இருந்திருக்கணும். அம்மாவப் பாக்க ஜெர்மனிக்குப் போறேன்னு அந்தக் கடைசி வருசத்துல கெளம்பிட்டா கணக்கு ஒதைக்கும். நாள எண்ணி நோட்டுல எழுதி வச்சுக்கணும். பெறகு மனுவ கலெக்டர் விசாரிச்சு, மெட்ராசுக்குப் போயி, அங்கருந்து டெல்லிக்குப் போகணும். கடைசியில தன் நாட்டுக் குடியுரிமைய விட்டுர்றேன்னும் எழுதிக் குடுக்கணும். நம்ம நாட்டுல ரெண்டு நாட்டு ஆளா இருக்க எடமில்ல.

இந்த வருசக் கணக்கே வேடிக்கைதான். 1955-ல இந்தியன் பொண்டாட்டிக்கு இத்தன வருசம் தங்கியிருக்கணும்ங்கிற நிபந்தனையே கெடையாது. ஆனா பொண்டாட்டிக்கு மட்டுந்தான் அந்தச் சலுகை. நம்ம ஊருப் பொண்ணு ஒரு வெள்ளைக்காரனக் கட்டுனா அந்த மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. வீட்டோட மாப்பிள்ளைன்னா சர்க்காருக்கும் எளக்காரம்! 1986-லதான் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒண்ணுன்னு ஆக்குனாய்ங்க. ஆக்குன கையோட ரெண்டு பேருக்கும் அஞ்சு வருசம்னு போட்டாய்ங்க. 2003-ல அது ஏழாச்சு. சோனியா காந்தி 1968-ல கல்யாணமாகி வந்தவங்க, 1983-லதான் குடியுரிமை வாங்குனாங்க. பிரதமர் வீட்டு மருமகளுக்கே பதினஞ்சு வருசம் கழிச்சுத்தான் அந்தக் காகிதம் கைக்கு வந்திருக்கு.

மொகத்தச் சுளிக்காத தாயி. உன் தலைக்கு மேல தொங்குதே பன்னீர் திராட்சை, 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டாந்ததுன்னு சொல்றாய்ங்க. மஸ்கட் ஹாம்பர்க்குன்னு பேரு. இது கம்பத்துச் சரக்குதான்னு புவிசார் குறியீடு குடுத்தது 2023-ல. நூத்தித் தொண்ணூத்தோரு வருசம் நம்ம தண்ணியக் குடிச்சு, நம்ம வெயில்ல காஞ்சு, அப்புறந்தான் காகிதம் வந்துச்சு. உனக்கு ஏழுதான்.

இப்ப உங் கதை. நீ ஜெர்மனியில போயி இவளோட இருக்கணும்னா, கெளம்புறதுக்கு முன்னயே பொதுவா ஏ1ன்னு அடிப்படை ஜெர்மன் பரீட்சை எழுதணும். மெட்ராசு மாக்ஸ் முல்லர் பவன்ல எழுதலாம். நீ ஏற்கெனவே அங்க வேலையில இருக்கறதால உனக்கு அது தீந்துச்சு, சரி. அங்க மூணு வருசம் குடியிருந்து, கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆயிருந்தா குடியுரிமை கேக்கலாம். பாஷையில பி1 வரைக்கும் ஏறணும். முப்பத்து மூணு கேள்வியில பதினேழு சரியாச் சொல்லணும். உன் பிளஸ் டூ மார்க்க நான் பாத்திருக்கேன், பதினேழு கஷ்டந்தான், இருந்தாலும் பொண்டாட்டி சொல்லிக் குடுப்பா.

டீக்கடையில இன்னொண்ணும் சொன்னாய்ங்களாம், ஜெர்மனி 2024 சூன் 27-ல இருந்து ரெட்டைக் குடியுரிமைய ஏத்துக்கிருச்சு, ரெண்டையும் வச்சுக்கலாம்னு. பாதி உண்மை. ஜெர்மனி ஏத்துக்கிருச்சு. டெல்லி ஏத்துக்கலையே! நீயா விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமைய வாங்குன அந்த நிமிசமே இந்தியக் குடியுரிமை தானாப் போயிரும். ஒன்பதாவது பிரிவு. ஆரும் நோட்டீசு ஒட்ட மாட்டாய்ங்க, முப்பது நாள் குடுக்க மாட்டாய்ங்க. பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்துட்டு, நீயே ஓசிஐ கார்டுக்கு எழுதிப் போடணும். அப்புறம் கம்பத்துல பொறந்து வளந்த நீ, நம்ம பக்கத்துத் தோட்டம் வெலைக்கு வந்தா வாங்க முடியாது. இவ வாங்க முடியாது, நீயும் வாங்க முடியாது. உங்க மாமன் வாங்கிருவான். பிளக்சுல சிரிச்சுக்கிட்டு நிக்கிறானே, சும்மா நிக்கிறான்னா நெனச்ச?

எங் கணக்கு என்னன்னா, ரெண்டு பேருமே அவங்கவங்க பாஸ்போர்ட்ட விடாதீங்க. இவ இங்க கார்டு வாங்கட்டும். நீ அங்க நிரந்தரமாத் தங்குறதுக்கு அனுமதி மட்டும் வாங்கிக்க. எவனாவது ஒருத்தன் கட்டாயம் விட்டுத்தான் ஆகணும்னு காலம் வந்தா, எந்த ஊர்ல சோறு பொங்கப்போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு, அந்த ஊருக்கு வந்தவரு விடட்டும். நீ அவளுக்காக விட்டேன், அவ உனக்காக விட்டான்னு பாசத்துல விட்டீங்கன்னா, பத்து வருசம் கழிச்சு ஒவ்வொரு சண்டையிலயும் அந்தப் பாஸ்போர்ட்டு எந்திரிச்சு வந்து நடுவுல நிக்கும்.

இன்னொண்ணு சொல்றேன், இதுல சிரிக்க ஒண்ணுமில்ல.

1964 அக்டோபர் 30-ல சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாய்ங்க. இலங்கைத் தோட்டத்துல தேயிலை பறிச்ச நம்ம சனத்துல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரப் பத்திப் பெறகு பேசிக்கலாம்னு விட்டு, 1974-ல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாய்ங்க. எத்தனை பேருன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, ஆரு ஆருன்னு அதுக்கப்புறம் பாத்தாய்ங்க. அந்தச் சனத்துக்காவது கப்பல் ஏறுறப்ப கையில ஒரு காகிதம் இருந்துச்சு.

1983-க்கப்புறம் படகுல தப்பி வந்த சனத்துக்கு அதுவும் இல்ல. தமிழ்நாட்டுல நூத்துக்கும் மேல முகாம் இருக்கு. அம்மா இடுப்புல பச்சப்புள்ளையா வந்த பொண்ணு, இங்கயே படிச்சு, இங்க நம்ம பய ஒருத்தனக் கட்டிக்கிட்டான்னு வையி. உங்க அத்தை பேசுறதவிட அவ நல்ல தமிழ் பேசுவா. அவளுக்கு இந்த ஏழு வருசக் கணக்கு கெடையாது. பாஸ்போர்ட்டு, விசா இல்லாம வந்தவ சட்டவிரோதக் குடியேறி. 2003-ல வந்த திருத்தப்படி அப்பிடிப்பட்ட ஆளு பதிவு மூலமாக் குடியுரிமை கேக்கவே முடியாது. தாலி இருக்கு, ரேசன் கடைக்காரருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். டெல்லிக்குத் தெரியாது. 2019 திருத்தத்துல மூணு நாட்டுப் பேரப் போட்டாய்ங்க, இலங்கைய விட்டுட்டாய்ங்க. முகாம் போர்ட மட்டும் 2021-ல மறுவாழ்வு முகாம்னு நல்ல பேரா மாத்துனாய்ங்க.

புள்ள விசயம் இன்னும் மோசம். உங்களுக்கு நாளைக்குக் கம்பம் ஆஸ்பத்திரியில ஒரு புள்ள பொறந்தா, அப்பன் இந்தியன், அம்மா முறையா விசாவோட வந்தவ, அதனால புள்ள பொறப்புலயே இந்தியக் குடிமகன். அதே வார்டுல பக்கத்துக் கட்டில்ல முகாம் பொண்ணு பெத்த புள்ள. அதுக்கும் அப்பன் இந்தியன்தான். ஆனா 2004 டிசம்பர் 3-க்குப் பின்னாடி பொறந்த புள்ளைக்கு, தாய் தகப்பன்ல ஒருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருந்தா, பொறப்பால குடியுரிமை இல்லைன்னு எழுதி வச்சிருக்காய்ங்க. மண்டபம் முகாம்ல 1986-ல பொறந்த ஒரு பொண்ணு மட்டும், 1987 சூலை 1-க்கு முன்ன இந்த மண்ணுல பொறந்தா குடிமகதான்ங்கிற பழைய விதியப் பிடிச்சுக்கிட்டு மதுரை ஐகோர்ட்டு கிளைக்குப் போச்சு. 2022-ல பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்குச்சு. 2024 தேர்தல்ல திருச்சியில ஓட்டும் போட்டுச்சு. ரெண்டு வருசம் பிந்திப் பொறந்திருந்தா அந்தக் கதவும் சாத்துனதுதான். இத இவளுக்குச் சொல்லணும்னு அவசியமில்ல. நீ தெரிஞ்சு வச்சுக்க. ஏழு வருசமான்னு மூக்கால அழுகுறப்ப நெனச்சுக்க.

புள்ள ஜெர்மனியில பொறந்தா, ஒரு வருசத்துக்குள்ள அங்க உள்ள இந்தியத் தூதரகத்துல பதிஞ்சிரு. ரெண்டு பாஸ்போர்ட்டு எடுத்து அலமாரியில அடுக்கி வைக்கலாம்னு மட்டும் நெனைக்காத. பேரு வைக்கிறப்ப இனிசியல், குடும்பப் பேரு எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். என் பேர வைக்கணும்னு கட்டாயமில்ல, வச்சா உயிலுக்கு நல்லது.

இப்ப ஆக வேண்டியதப் பாரு. திங்கக்கெழமை நோட்டீசு குடுக்கப் போறோம். கல்யாணத்தன்னைக்கு மூணு சாட்சி கையெழுத்துப் போடணும். ஒரு சாட்சி நான். என் ஆதார்ல பொறந்த தேதி சனவரி 1. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சனவரி 1. எங்க தெருவுல அறுவது தாண்டுன ஆளுக அத்தனை பேரும் பள்ளிக்கூடத்து வாத்தியார் புண்ணியத்துல ஒரே நாள்ல பொறந்தவய்ங்கதான். பாரு, தாயி சிரிக்கிறா. இத ஒண்ணையாவது ஒழுங்காச் சொல்லியிருக்க. ரெண்டாவது சாட்சிக்கு உங்க மாமன் போதும். மூணாவதுக்கு உங்க அத்தையக் கூப்பிடு. நான் சொன்னேன்னு சொல்லு, பட்டுச்சேலை எடுத்துக் குடு. கையெழுத்துப் போட்டுட்டான்னா அப்புறம் ஊருக்குள்ள அவ ஒரு வார்த்தை பேச முடியாதுல்ல?